கிறிஸ்துமஸ் விருந்துக்கு எளிய கிளேஸ் ஹாம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாம் என்பது பதப்படுத்திய பன்றித் தொடை, கிளேஸ் என்பது அதன் மேல் பூசும் இனிப்புப் பாகு. அமெரிக்கா, கனடா கடைகளில் டிசம்பரிலும் ஈஸ்டருக்கு முந்தைய வாரங்களிலும் குவித்து வைக்கப்படும் எலும்புள்ள ஸ்பைரல் கட் (சுருளாக வெட்டு போட்டு விற்கும்) ஹாம்தான் இங்கே அடிப்படை. இங்கிலாந்தின் கேமன் (பதப்படுத்திய, ஆனால் வேகாத பன்றித் தொடை), ஆஸ்திரேலியாவின் தோலுள்ள ஹாம் ஆகியவற்றைச் சமைக்கும் முறை வேறு. அவற்றுக்குத் தனிக் கேள்விகள் கீழே உண்டு.

கடையில் வாங்கும் ஹாம் ஏற்கெனவே வெந்ததா, பச்சையா?

பெரும்பாலும் வெந்தது. பன்றியின் பின்னங்காலை உப்பும் சர்க்கரையும் நைட்ரைட் என்ற பதப்படுத்தும் உப்பும் கலந்த நீரில் ஊற வைத்து அல்லது அந்த நீரை ஊசியால் ஏற்றி, புகையில் வாட்டி, முழுதாக வேக வைத்துத்தான் பொட்டலம் கட்டுகிறார்கள். லேபிளில் 'ஃபுல்லி குக்ட்' என்றோ 'ரெடி டு ஈட்' என்றோ இருந்தால் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே சாப்பிடலாம். 'குக் பிஃபோர் ஈட்டிங்' என்றிருந்தால் அது முழுதாக வேகாதது.

இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் எளிது. வெந்த இறைச்சியை நீங்கள் மறுபடி வேக வைக்கப் போவதில்லை. ஈரம் போகாமல் சூடாக்கி, மேலே ஓர் இனிப்புப் பூச்சு ஏற்றுகிறீர்கள், அவ்வளவுதான். சமையலில் பாழாகும் ஹாம்களில் பெரும்பாலானவை, ஆட்டுக்கால் போல மணிக்கணக்கில் வேக விட்டதால் பாழானவை.

எந்த வகை வாங்குவது நல்லது?

முதல் முறை செய்பவர்களுக்கு எலும்புள்ள ஸ்பைரல் கட் பாதி ஹாம், 3.5 முதல் 4 கிலோ, அதாவது 8–9 பவுண்டு. இயந்திரம் எலும்பைச் சுற்றி ஒரே சுருளாக மெல்லிய துண்டுகள் போட்டிருக்கும். மேசையில் கத்தியோடு போராட வேண்டாம். இந்த இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றவர் டெட்ராய்ட்டைச் சேர்ந்த ஹாரி ஹோன்செலார். அவர் 1957-இல் தொடங்கிய கடைதான் இன்றைய ஹனிபேக்ட் ஹாம் நிறுவனம்.

வெட்டு போடாத எலும்புள்ள ஹாம் இன்னும் ஈரமாக வரும், விலையும் குறைவு. ஆனால் நீங்களே அரிய வேண்டும். எலும்பில்லாத உருண்டை ஹாம் என்பது பல துண்டுகளை அழுத்தி ஒட்டியது. அரிய எளிது, சுவையும் பதமும் ஒரு படி கீழே. 'பிக்னிக் ஹாம்' பின்னங்கால் அல்ல, முன்னந்தோள். கொழுப்பும் சவ்வும் அதிகம், விருந்து மேசைக்குப் பொருந்தாது.

ஷாங்க் பாதியா, பட் பாதியா?

ஷாங்க் என்பது கணுக்கால் பக்கம். நேரான ஒரே எலும்பு என்பதால் அரிய எளிது, பார்வைக்கும் படங்களில் வரும் ஹாம் இதுதான். பட் என்பது இடுப்புப் பக்கம். சதை கூடுதல், ஆனால் உள்ளே கோணல்மாணலாக இடுப்பெலும்பு இருக்கும். ஸ்பைரல் கட் என்றால் எதுவும் சரி. வெட்டாத ஹாம் என்றால் ஷாங்க் எடுங்கள்.

லேபிளில் தண்ணீர் பற்றி ஏதேதோ எழுதியிருக்கிறது. எதைப் பார்ப்பது?

அமெரிக்காவில் இதற்குச் சட்டப்படி தரவரிசை உண்டு. கொழுப்பை நீக்கிக் கணக்கிட்டால் புரதம் குறைந்தது 20.5 சதவீதம் இருப்பதைத்தான் வெறும் 'ஹாம்' என்று அழைக்கலாம். 18.5 சதவீதம் இருந்தால் 'ஹாம் வித் நேச்சுரல் ஜூசஸ்'. 17 சதவீதம் இருந்தால் 'ஹாம் வாட்டர் ஆடட்'. அதற்கும் கீழே போனால் 'ஹாம் அண்ட் வாட்டர் ப்ராடக்ட்'. கீழே போகப் போக நீங்கள் காசு கொடுத்து வாங்குவது உப்புத் தண்ணீர். அது ஓவனில் வடிந்து ட்ரேயில் குளமாக நிற்கும், மேலே பூசிய கிளேஸையும் கழுவிவிடும். முதல் இரண்டில் ஒன்றைத் தேடுங்கள்.

'அன்க்யூர்ட்' என்று அச்சிட்டிருந்தால் அது பச்சை இறைச்சி என்று நினைத்துவிட வேண்டாம். பெரும்பாலும் செலரித் தூளிலிருந்து வரும் நைட்ரைட்டால் பதப்படுத்தியதுதான். நிறமும் சுவையும் ஏறக்குறைய அதேதான். 'ஃப்ரெஷ் ஹாம்' என்பதுதான் உண்மையிலேயே பச்சைக் கால்.

எத்தனை பேருக்கு எவ்வளவு?

எலும்புள்ளதில் ஆளுக்கு 300 கிராம், எலும்பில்லாததில் 150 கிராம். 4 கிலோ ஹாம் 12 பேருக்குத் தாராளமாகப் போதும். கோழியும் பிரியாணியும் கூடவே இருக்கும் மேசை என்றால் அதே ஹாம் 18 பேருக்கும் வரும், ஏனெனில் உப்பான இறைச்சியை யாரும் தட்டு நிறையச் சாப்பிடுவதில்லை.

உறைந்த ஹாமைக் கரைக்க எத்தனை நாள் வேண்டும்?

குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில், 2 கிலோவுக்கு ஒரு முழு நாள். 4 கிலோ என்றால் இரண்டு நாள், பாதுகாப்புக்கு இன்னும் அரை நாள். அவசரமானால் பொட்டலத்தோடு குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, அரை மணிக்கொரு முறை நீரை மாற்றுங்கள். பவுண்டுக்கு அரை மணி பிடிக்கும். சமையலறை மேடையில் இரவு முழுக்க வைத்துக் கரைக்காதீர்கள். நடுப்பகுதி பனிக்கட்டியாக இருக்கும்போதே வெளிப்பகுதி கெட ஆரம்பித்துவிடும்.

சரி, செய்முறை என்ன?

ஹாமுக்கு: 3.5–4 கிலோ ஸ்பைரல் கட் ஹாம், அரை கப் (120 மில்லி) தண்ணீர் அல்லது ஆப்பிள் சாறு, அகலமான ஃபாயில் தாள், ஓர் இறைச்சித் தெர்மாமீட்டர்.

கிளேஸுக்கு: பிரவுன் சுகர் 1 கப் (200 கிராம்), தேன் அல்லது மேப்பிள் சிரப் கால் கப், டிஜான் கடுகு விழுது 2 மேசைக்கரண்டி, ஆப்பிள் சைடர் வினிகர் 2 மேசைக்கரண்டி, உப்பில்லாத வெண்ணெய் 30 கிராம், கிராம்புத் தூள் கால் தேக்கரண்டி, மிளகுத் தூள் கால் தேக்கரண்டி. உப்பு ஒரு சிட்டிகைகூட வேண்டாம்.

முதலில் ஹாமை ஓவனில் வைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பு வெளியே எடுத்து வையுங்கள். பிளாஸ்டிக், வலை எல்லாவற்றையும் நீக்குங்கள். எலும்பின் வெட்டு முனையில் வட்டமான ஒரு சின்ன பிளாஸ்டிக் மூடி ஒட்டியிருக்கும். இறைச்சி நிறத்திலேயே இருப்பதால் கண்ணில் படாது. அதை எடுக்க மறந்தால் ஓவனில் உருகும்.

ஓவனை 165° செல்சியஸுக்கு, அதாவது 325° ஃபாரன்ஹீட்டுக்கு, சூடாக்குங்கள். ஆழமான ட்ரேயில் ஹாமை வெட்டுப் பக்கம் கீழே இருக்குமாறு நிறுத்துங்கள். அரை கப் தண்ணீரை ட்ரேயில் ஊற்றி, ஃபாயிலை இரண்டு அடுக்காகப் போர்த்தி, விளிம்புகளை ட்ரேயோடு அழுத்தி மூடுங்கள். நீராவி வெளியேற வழி இருக்கக் கூடாது.

பவுண்டுக்கு 11 முதல் 14 நிமிடம் என்று கணக்கிடுங்கள். 4 கிலோவுக்கு ஒன்றரை மணியிலிருந்து இரண்டு மணிக்குள் முடியும். ஆனால் கடிகாரம் சொல்வதைவிடத் தெர்மாமீட்டர் சொல்வதுதான் கணக்கு. ஒன்றே கால் மணியிலேயே முதல் முறை குத்திப் பாருங்கள். சதையின் தடித்த இடத்தில், எலும்பில் படாமல் குத்த வேண்டும். 50° செல்சியஸ் (சுமார் 120° ஃபாரன்ஹீட்) காட்டினால் வெளியே எடுங்கள்.

ஓவனை 200° செல்சியஸுக்கு (400° ஃபாரன்ஹீட்) ஏற்றுங்கள். ஃபாயிலைப் பிரிக்கும்போது முகத்தைத் தள்ளி வையுங்கள், ஆவி சுடும். கிளேஸில் மூன்றில் ஒரு பங்கைத் தூரிகையால் பூசி, மூடாமல் 10 நிமிடம் வையுங்கள். இரண்டாவது பங்கைப் பூசி இன்னும் 8–10 நிமிடம். மேற்பரப்பு குமிழ் விட்டு, ஓரங்கள் கரும்பழுப்பாக மாறும்போது, உள்ளே 60° செல்சியஸ் (140° ஃபாரன்ஹீட்) இருக்கிறதா என்று பார்த்து வெளியே எடுங்கள். ஃபாயிலை மேலே தளர்வாகப் போட்டு 15–20 நிமிடம் ஆற விடுங்கள். மீதிக் கிளேஸைப் பரிமாறும்போது ஊற்றிக்கொள்ளலாம்.

கிளேஸை எப்படிக் காய்ச்சுவது?

வெண்ணெயை உருக்கி, மற்ற எல்லாவற்றையும் போட்டு, சிறு தீயில் கொதி வந்த பிறகு 4–5 நிமிடம் கிளறுங்கள். கரண்டியின் பின்பக்கத்தில் விரலால் கோடு போட்டால் அந்தக் கோடு மூடாமல் நிற்க வேண்டும். பாகு வைத்துப் பழகியவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம்: கம்பிப் பதத்துக்கு வெகு முன்பே, பிசுபிசுப்பு வந்த உடனே இறக்கிவிடுங்கள். ஆறினால் இன்னும் கெட்டியாகும். அதிகம் கெட்டியானால் ஒரு கரண்டி சுடுநீர் விட்டுத் தளர்த்துங்கள்.

முந்தின நாளே காய்ச்சிக் குளிர்பெட்டியில் வைக்கலாம். பூசுவதற்கு முன் மெல்லச் சூடாக்கினால் போதும்.

ஏன் கடைசியில்தான் கிளேஸ் பூச வேண்டும்? ஆரம்பத்திலேயே பூசினால் நன்றாக ஊறாதா?

ஊறாது. சர்க்கரைப் பாகு வெந்த இறைச்சிக்குள் ஆழமாக இறங்காது. மேலே இருந்து கருகும். தேனில் உள்ள ஃப்ரக்டோஸ் சாதாரணச் சர்க்கரையைவிடக் குறைந்த வெப்பத்திலேயே பழுப்பாகத் தொடங்கும். இரண்டு மணி நேரம் ஓவனில் இருந்தால் கசப்பான கரித் தோல்தான் மிஞ்சும். ஃபாயிலுக்கு அடியில் பூசினாலோ நீராவி அதைக் கரைத்து ட்ரேயில் சேர்த்துவிடும். கடைசி 20 நிமிடம், மூடாமல், அதிக வெப்பத்தில் என்பதற்கு இதுவே காரணம்.

துண்டுகளுக்கு இடையே இனிப்பு வேண்டுமென்றால் பூசும்போது இரண்டு மூன்று இடங்களில் துண்டுகளைச் சற்றே விலக்கித் தூரிகையை நுழையுங்கள். எல்லாத் துண்டுகளையும் விசிறி போல விரித்துவிடாதீர்கள். விரித்தவை அத்தனையும் காய்ந்து போகும்.

வெட்டுப் பக்கம் ஏன் கீழே இருக்க வேண்டும்?

ஈரம் வெளியேறுவது அந்தப் பக்கம் வழியாகத்தான். அதை ட்ரேயில் உள்ள நீரில் அமர்த்திவிட்டால் வழி அடைபடும். மேலே தெரிவது கொழுப்புப் போர்வை, அது தன்னைத் தானே காத்துக்கொள்ளும்.

கட்டம் கட்டமாகக் கீறி கிராம்பு செருகுவது அவசியமா?

ஸ்பைரல் கட்டில் வேண்டாம், அது ஏற்கெனவே வெட்டியிருக்கிறது. வெட்டாத ஹாமில் கொழுப்புப் படலத்தை மட்டும், அரை சென்டிமீட்டர் ஆழத்தில், 2–3 சென்டிமீட்டர் இடைவெளியில் சாய்வாகக் கீறுங்கள். கிளேஸ் வழியாமல் அந்தப் பள்ளங்களில் நிற்கும், கொழுப்பும் உருகி வெளியேறும். சதைவரை கத்தி இறங்கினால் சாறு வடியும்.

முழுக் கிராம்பு செருகுவது அழகுக்கு. கட்டத்துக்கு ஒன்று என்று செருகினால் 50, 60 கிராம்பு போய்விடும், பல் ஈறு மரத்துப்போகும் அளவுக்கு நெடி ஏறும். ஒன்றுவிட்டு ஒன்று போதும். குழந்தைகள் சாப்பிடும் முன் எடுத்துவிட வேண்டும் என்பதையும் நினைவில் வையுங்கள். இதற்குப் பதில் கிளேஸில் தூள் சேர்ப்பதே மேல்.

இரவு 7 மணிக்கு விருந்து. எப்போது ஆரம்பிப்பது?

4 கிலோ ஹாமுக்கு இப்படி: 3.30-க்குக் குளிர்பெட்டியிலிருந்து வெளியே. 4.10-க்கு ஓவனைச் சூடாக்குங்கள். 4.30-க்கு ஹாம் உள்ளே. 5.45-க்கு முதல் தெர்மாமீட்டர் சோதனை. 6.10 வாக்கில் ஃபாயிலைப் பிரித்து கிளேஸ். 6.35-க்கு வெளியே. ஆறும் 20 நிமிடத்தில் ஓவன் காலியாகிவிடும், உருளைக்கிழங்கு கிராட்டினையோ ரொட்டியையோ அப்போது சூடாக்கிக்கொள்ளலாம்.

விருந்தினர் தாமதமானால்? நம் வீட்டு விருந்துகளில் அது விதிவிலக்கல்ல. கிளேஸ் பூசுவதற்கு முந்தைய கட்டத்தில் நிறுத்தி வையுங்கள். ஃபாயிலோடு, அணைத்த ஓவனுக்குள் அரை மணி தாங்கும். முதல் கார் வாசலில் நின்ற பிறகு கிளேஸ் வேலையைத் தொடங்கினாலும் நேரம் போதும்.

ஹாமோடு வரும் கிளேஸ் பொட்டலத்தைப் பயன்படுத்தலாமா?

பயன்படுத்தலாம். ஆனால் வெறும் சர்க்கரையும் மணச்சத்தும்தான் அதில் அதிகம். தண்ணீருக்குப் பதில் வினிகரும் ஒரு கரண்டி கடுகு விழுதும் சேர்த்துக் கரைத்தால் திகட்டாது. உப்பும் இனிப்பும் மட்டும் இருந்தால் நாலு துண்டில் சலிப்புத் தட்டும். புளிப்பு இருந்தால்தான் இரண்டாவது முறை தட்டு நீளும்.

பிரவுன் சுகர், டிஜான் கடுகு இல்லாவிட்டால்?

பிரவுன் சுகர் என்பது மொலாசஸ் சேர்த்த சர்க்கரை. அதற்கு ஈடாக நாட்டுச்சர்க்கரை அதே அளவில் நன்றாகவே பொருந்தும். கருப்பட்டியும் ஆகும், ஆனால் பொடித்து, கரைத்து, வடிகட்டிவிட்டுக் காய்ச்சுங்கள். வினிகருக்குப் பதில் கெட்டிப் புளிக்கரைசல் 1 மேசைக்கரண்டி சேர்க்கலாம். நிறம் இன்னும் கறுப்பாக வரும், அதனால் கடைசி வெப்பத்தை 190°-ஆகக் குறையுங்கள். டிஜானுக்குப் பதில் கடுகை ஊற வைத்துச் சிறிது வினிகரோடு அரைத்த விழுது, அதுவும் பாதி அளவு. நம் சிறு கடுகுக்குக் காரமும் கசப்பும் அதிகம்.

காரம் வேண்டுபவர்கள் காஷ்மீரி மிளகாய்த் தூள் அரைத் தேக்கரண்டி. அதற்கு மேல் போனால் அது வேறு பதார்த்தம்.

அன்னாசி வளையங்களும் செர்ரியும் வைத்த ஹாம் செய்வது எப்படி?

அது இருபதாம் நூற்றாண்டின் அமெரிக்க மேசை, இன்னும் பலருக்குக் கிறிஸ்துமஸ் என்றால் அதுதான் கண்ணில் வரும். டின் அன்னாசியை வடிகட்டி, டிஷ்யூத் தாளால் ஒற்றி, மரப் பல்குத்திகளால் மேற்புறத்தில் பொருத்துங்கள். நடுவில் மராஸ்கினோ செர்ரி (சர்க்கரைப் பாகில் ஊறிய சிவப்புச் செர்ரி). கிளேஸின் முதல் பூச்சுக்குப் பிறகு வைத்தால் கருகாது. டின்னில் இருந்த சாறு ஒரு கப்பைப் பாதியாக வற்ற வைத்து, அதில் வினிகர், தேன் தவிர மற்ற கிளேஸ் பொருள்களைச் சேர்த்தால் அன்னாசிக் கிளேஸ்.

பச்சை அன்னாசி வேண்டாம். அதிலுள்ள ப்ரோமெலைன் என்ற நொதி புரதத்தைச் சிதைக்கும். துண்டுகளை ஹாமோடு சேர்த்து முந்தின இரவே வைத்தால் மறுநாள் மேற்பரப்பு மாவு போலக் குழையும். டின்னில் அடைக்கும்போதே சூட்டில் அந்த நொதி செயலிழந்துவிடுகிறது.

உப்பு அதிகமாக இருக்கிறது. என்ன செய்யலாம்?

சமைக்கும் முன் என்றால், உப்பு நீரில் பதப்படுத்திய சாதாரண ஹாமை வெட்டுப் பக்கம் கீழே இருக்குமாறு குளிர்ந்த நீரில் வைத்துக் குளிர்பெட்டியில் 2–3 மணி நேரம் ஊற விடலாம். ஸ்பைரல் கட்டில் இதைச் செய்தால் உப்போடு சுவையும் போய்விடும். அதற்கு ட்ரேயில் தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள், ஸ்டாக் (எலும்பு வேகவைத்த சாறு) வேண்டாம். உப்பில்லாத உருளைக்கிழங்கு மசியலையும் பக்கத்தில் வையுங்கள்.

வர்ஜீனியா, கென்டக்கி பக்கம் செய்யும் 'கன்ட்ரி ஹாம்' வேறு விஷயம். உலர் உப்பில் புரட்டி மாதக்கணக்கில் தொங்கவிட்டது. பன்னிரண்டு மணி நேரத்துக்குக் குறையாமல், நீரை மாற்றி மாற்றி ஊற வைக்காமல் வாயில் வைக்க முடியாது. இந்தச் செய்முறைக்கு அது வேண்டாம்.

காய்ந்து போய்விட்டது. காப்பாற்ற முடியுமா?

முழுதாக முடியாது. துண்டுகளைப் பிரித்து, அரை கப் ஆப்பிள் சாறும் 30 கிராம் வெண்ணெயும் சூடாக்கி அதில் புரட்டி, மூடி 5 நிமிடம் வைத்தால் மேசைக்குக் கொண்டுபோகலாம். அடுத்த முறைக்குக் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பெரும்பாலும் ஃபாயில் ஓரம் திறந்திருக்கும், அல்லது 70° செல்சியஸைத் தாண்டியிருக்கும். மூன்றாவதாக விசிறி ஓவன்: அதில் 15–20° குறைத்து வைக்க வேண்டும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை.

கிளேஸ் ஒட்டாமல் வழிந்துவிட்டது. ஏன்?

மேற்பரப்பு ஈரமாக இருந்திருக்கும். ஃபாயிலைப் பிரித்ததும் கிச்சன் தாளால் ஒற்றி எடுத்த பிறகே பூசுங்கள். கிளேஸ் தண்ணீராக இருந்தாலும் இதே கதை. வழிந்ததைத் தூக்கிப் போடாமல், ட்ரேயிலிருந்து வழித்து, சிறு வாணலியில் வற்ற வைத்து மறுபடி பூசலாம்.

ட்ரேயின் அடியில் விழுந்த சர்க்கரை கருகிப் புகை வந்தால் உடனே அரை கப் சுடுநீர் ஊற்றுங்கள். தீ எச்சரிக்கை மணி அலறுவதற்கு விருந்து நாளில் இதுதான் வழக்கமான காரணம்.

ஸ்லோ குக்கரில் செய்யலாமா?

6 அல்லது 7 குவார்ட் (சுமார் 6–6.5 லிட்டர்) பாத்திரத்தில் 3 கிலோ ஹாம்வரை அடங்கும். மூடி பொருந்தாவிட்டால் ஃபாயிலால் கூடாரம் போடுங்கள். அரை கப் சாறு, 'லோ' வெப்பம், 4 மணி நேரம். ஈரமாக வரும், ஆனால் மொறுமொறுப்பான தோல் கிடைக்காது. கடைசியில் ட்ரேக்கு மாற்றி, கிளேஸ் பூசி, ப்ராய்லரின் (ஓவனின் மேல்புறச் சூட்டின்) கீழ் 3–5 நிமிடம் காட்டுங்கள். அந்த 5 நிமிடமும் பக்கத்திலேயே நில்லுங்கள். பாகு பழுப்பிலிருந்து கறுப்புக்குப் போக அரை நிமிடம் போதும்.

இங்கிலாந்தில் கிடைக்கும் கேமனுக்கு இதே முறையா?

இல்லை. கேமன் உப்பில் பதப்படுத்தியது, ஆனால் வேகாதது. வெந்த பிறகுதான் அதை ஹாம் என்கிறார்கள். பெரிய பாத்திரத்தில் குளிர்ந்த நீரில் மூழ்க வைத்து, வெங்காயம், மிளகு, பிரிஞ்சி இலை போட்டு, லேசாகக் கொதிக்கும் நிலையில் 450 கிராமுக்கு 20 நிமிடம், அதன் மேல் இன்னொரு 20 நிமிடம் வேக விடுங்கள். சிறிது ஆறியதும் தோலைக் கத்தியால் நெம்பி உரித்து, அரை சென்டிமீட்டர் கொழுப்பை விட்டு வைத்து, கீறி, கிளேஸ் பூசி, 200° செல்சியஸில் 20–30 நிமிடம்.

ஆஸ்திரேலியாவில் தோலோடு விற்கிறார்களே?

அது வெந்தது, புகையூட்டியது. அங்கே டிசம்பர் கோடை என்பதால் பல வீடுகளில் குளிராகவே பரிமாறுவார்கள். சூடாகக் கிளேஸ் செய்வதானால் கணுக்கால் அருகே தோலைச் சுற்றிக் கீறி, விரல்களை உள்ளே விட்டு ஒரே தாளாக உரித்தெடுங்கள். அந்தத் தோலை எறியாதீர்கள். மிஞ்சிய ஹாமின் மேல் போர்த்தினால் காயாது. நீரும் சிறிது வினிகரும் கலந்ததில் நனைத்துப் பிழிந்த துணிப்பையில் போட்டு, இரண்டு நாளுக்கொரு முறை நனைத்து மாற்றி வைப்பது அங்குள்ள வழக்கம்.

துண்டுகளில் பச்சையும் வானவில்லுமாக மினுக்குகிறது. கெட்டுவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. நுண்ணிய தசைநார்களின் வெட்டுப் பரப்பில் ஒளி பட்டுச் சிதறும் தோற்றம் அது. பிசுபிசுவென்று வழுக்கினாலோ புளித்த வாடை வந்தாலோ எறிந்துவிடுங்கள். இளஞ்சிவப்பு நிறம் வேகாததன் அடையாளமும் அல்ல. நைட்ரைட்டு இறைச்சியின் நிறமியோடு சேர்ந்து உண்டாக்கும் நிறம், எவ்வளவு சூடாக்கினாலும் போகாது.

ஸ்பைரல் கட் ஹாமை எப்படிப் பிரிப்பது?

துண்டுகள் இன்னும் எலும்போடு ஒட்டியிருக்கும். எலும்பை ஒட்டி ஒரு சுற்று கத்தியை இறக்குங்கள். பிறகு சதைகளுக்கு நடுவே கொழுப்புக் கோடாகத் தெரியும் இயற்கையான பிளவுகளில் வெட்டினால் மொத்தமும் அடுக்கடுக்காக விழும்.

பன்றி சாப்பிடாதவர்களுக்கு?

கடைகளில் வான்கோழித் தொடை இறைச்சியில் செய்த 'டர்க்கி ஹாம்' உண்டு. இதே கிளேஸ் பொருந்தும், ஆனால் கொழுப்பு குறைவு என்பதால் சீக்கிரம் காயும். ட்ரேயில் ஒரு கப் சாறு ஊற்றி, கிளேஸ் நேரத்தைப் பாதியாக்குங்கள். தூரிகையும் ட்ரேயும் தனியாக இருக்கட்டும்.

மிச்சத்தை எத்தனை நாள் வைக்கலாம்?

மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் வைக்க வேண்டாம். எலும்பிலிருந்து பிரித்து, மூடிய டப்பாவில், குளிர்பெட்டியில் 3 முதல் 5 நாள். உறையவைத்தால் 2 மாதத்துக்குள் தீர்த்துவிடுங்கள், அதற்கு மேல் சுவை மங்கும். மறுபடி சூடாக்கினால் 74° செல்சியஸ் (165° ஃபாரன்ஹீட்) வரவேண்டும். கர்ப்பிணிகளுக்குக் குளிர்ந்த துண்டுகளைத் தராமல் ஆவி பறக்கச் சூடாக்கியே கொடுங்கள். லிஸ்டீரியா கிருமி குளிர்பெட்டியிலும் வளரக்கூடியது.

சிறு சதுரங்களாக நறுக்கினால் ஃப்ரைடு ரைஸ், ஆம்லெட், மக்ரோனி எல்லாவற்றுக்கும் ஆகும். எதில் போட்டாலும் வழக்கமான உப்பில் பாதி.

எலும்பை என்ன செய்வது?

எறிந்தால் நஷ்டம். உடைத்த பட்டாணி 500 கிராம், தண்ணீர் இரண்டரை லிட்டர், ஒரு வெங்காயம், இரண்டு கேரட், இரண்டு தண்டு செலரி, ஒரு பிரிஞ்சி இலை, ஹாம் எலும்பு. சிறு தீயில் ஒன்றரை மணி நேரம். பட்டாணி கரைந்து கெட்டியானதும் எலும்பை எடுத்து, ஒட்டியிருக்கும் சதையைச் சுரண்டிப் போடுங்கள். கியூபெக்கில் இதையே முழு மஞ்சள் பட்டாணியில் செய்கிறார்கள்.

பிரஷர் குக்கரில் செய்வதானால் பாதிக்கு மேல் நிரப்பாதீர்கள், பட்டாணி நுரைத்து வால்வை அடைக்கும். உப்பைக் கடைசியில் ருசி பார்த்துச் சேருங்கள். பெரும்பாலும் தேவைப்படாது.